மொக்கராசுவுக்கு ஒரு பஸ் பாஸ்

சமூக நலப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "டாக்டர் சான்றிதழ் ஒண்ணு சொல்லுது மேடம், ஊர்ல விசாரிச்சா வேற சொல்றாங்க. நாங்க எதை எழுதுறது?" நான் அன்று சுற்றிவளைத்து ஏதோ சொன்னேன். நீங்களும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரே ஒரு விசாரணைதான். அதைச் சொல்லாமல் விட்டது மனதை உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

நாளும் கிழமையும் குறித்துவைக்கிற பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. எங்கள் வீட்டில் என்னைப் பஞ்சாங்கம் என்று கூப்பிடுவார்கள். அதனால் காலத்தைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். உலகம் முழுவதும் ஊனமுற்றோர் ஆண்டு என்று கொண்டாடினார்களே, அதற்கு அடுத்த வருடம். கார்த்திகை மாதம், முகூர்த்த நாளான ஒரு வியாழக்கிழமை. அது முகூர்த்த நாள் என்பதைச் சும்மா சொல்லவில்லை, காரணம் பின்னால் வரும். தேனி மாவட்டம் அப்போது இல்லை. போடிநாயக்கனூர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. மாற்றுத்திறனாளி என்ற சொல்லும் அன்று புழக்கத்தில் இல்லை. எங்கள் காகிதங்களில் எல்லாம் 'ஊனமுற்றவர்' என்றுதான் இருக்கும். அன்றைய சொல்லை மாற்றினால் அன்றைய கதையே மாறிவிடும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

நான் ஒன்றிய அலுவலகத்தில் ஊர்நல அலுவலராக இருந்தேன். பஸ் பாஸ் கேட்டு மனு வந்தால், அரசு டாக்டரின் சான்றிதழை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய் விசாரித்து, அக்கம்பக்கத்தார் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, பரிந்துரை எழுத வேண்டும். டாக்டரே எழுதிக் கொடுத்த பிறகு ஊரில் என்ன விசாரணை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த விசாரணைக்குக் காரணம் ஒரு கோழி.

பக்கத்து ஒன்றியம் ஒன்றில், கால் விளங்காத தன் தம்பியை டாக்டரிடம் அனுப்பித் தன் பெயரில் சான்றிதழ் வாங்கிவிட்டார் ஓர் ஆள். பாஸும் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கோழி வியாபாரம் பார்த்தார். ஒருநாள் ஓடுகிற பஸ்சில் கூடையிலிருந்து கோழி ஒன்று தப்பிக் குதித்தது. மனுஷன் தன்னை மறந்து பின்னாலேயே குதித்துத் துரத்திப் பிடித்தார். கண்டக்டர் விசில் கொடுக்கவும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்தச் சங்கதி எங்கள் அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து எங்கள் மேலாளர் வேறு மனிதராகிவிட்டார். "டாக்டர் காலைத்தாம்மா பாக்குறாரு. அந்தக் கால் யாரோடதுங்கிறதை ஊருதான் சொல்லணும்" என்பார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார்: என்ன விஷயமாக வந்திருக்கிறோம் என்று முதலில் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஊரே சேர்ந்து ஆளை நொண்டியாக்கிவிடும்.

மனு போட்டிருந்தவர் ராசிங்காபுரத்து மொக்கராசு. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மழைக்கு முன்னால் நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறியவர் கிளையோடு விழுந்தார். ஜீப்பில் படுக்கவைத்து மலை வளைவுகளில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். நாட்டுக் கட்டுப் போட்டார்கள். எலும்பு சேர்ந்தது, ஆனால் வலது கால் குட்டையாகி, முழங்கால் மடங்காமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மலை வேலை கிடையாது. போடியில் ஓர் ஏலக்காய் கடையில் சாக்கு தைத்துக் குறி போடும் வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை, அவருக்கு அமைந்திருந்தது. தை பிறக்கும்வரை இடத்தைப் பிடித்துவைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். முன்பென்றால் சைக்கிள் மிதித்துப் போயிருப்பார். இனி தினமும் பஸ்சுக்குக் கொடுத்தால் வீட்டுக்கு மிஞ்சாது. பாஸ் வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. மனுவில் இவ்வளவும் தெளிவாக எழுதியிருந்தார். மனுவை வாங்கியவர் வேறொரு எழுத்தர். நான் ஆளைப் பார்த்ததில்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை.

அன்று மாலை போடியில் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. விசாரணையை முடித்துவிட்டு நேராக மண்டபத்துக்குப் போய்விடலாம் என்று நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. ராசிங்காபுரத்தில் இறங்கியதும் எங்களுக்குச் சொல்லித்தந்த வரிசைப்படியே போனேன். முதலில் டீக்கடை, அப்புறம் எதிர்வீடு. மனுதாரர் வீட்டுக்கு முதலிலேயே போகக் கூடாது.

"பெருமாயி மகன் மொக்கராசு இந்த ஊருதானே?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

அவர் என் சேலையைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுத் தோள் துண்டால் பெஞ்சைத் துடைத்தார்.

"உக்காருங்க தாயி. எங்க மொக்கராசுதான். பையன் தங்கம்ல. பீடி கிடையாது, சீட்டு கிடையாது. நம்ம கடையில கடன்கூட வைக்க மாட்டான்."

"கால்ல ஏதோ அடின்னு..."

"காலா?" அவர் சிரித்தார். "மலையேறுற காலு தாயி அது. போடிமெட்டுல நின்னுக்கிட்டிருந்தான்னா மறுநிமிசம் இங்கிட்டு நிப்பான்."

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்கு அப்போதே ஏதோ இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. கோழிக்காரர்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டில் ராக்கம்மா என்ற நடுத்தர வயதுப் பெண் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை.

"காலு சரியில்லன்னு யாரு சொன்னா? வடக்குத்தெரு ஆளுகதானே? அவளுக நல்லது நடக்க விடுவாளுகளா? வயித்தெரிச்சல் பிடிச்சவளுக. நான் தெனம் பாக்குறேன் தாயி, தண்ணிக்குடத்தைத் தோள்ல வச்சான்னா ஒரு சொட்டு சிந்தாது."

தெருமுனைக்குப் போய் இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டேன். இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் அவரைக் கபடி ஆட்டக்காரர் என்றார். சான்றிதழில் முழங்கால் மடங்காது என்று இருக்கிறது, ஊர் கபடி ஆட்டக்காரர் என்கிறது. கோழி கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தால், பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரை அனுப்பிப் பையனைப் பற்றி விசாரிப்பார்கள். அவர் பையன் வீட்டுக்குப் போகமாட்டார். முதலில் டீக்கடை, அப்புறம் எதிர்வீடு. எதற்கு வந்தோம் என்றும் சொல்லமாட்டார். எங்கள் மேலாளர் போட்டுக் கொடுத்த விசாரணை முறையும், பெண் வீட்டார் பார்க்கிற விசாரணை முறையும் ஒரு நூல் பிசகாமல் ஒன்றாக இருந்தன. அதில் நான் முகூர்த்த நாளில் தலை நிறையப் பூவோடு போயிருக்கிறேன்.

அது புரிந்தது, கடைசியாக மொக்கராசு வீட்டு வாசலுக்கு நான் போய், அவர் அம்மா பெருமாயி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் நின்றபோதுதான். புதுச்சேலை அவசரத்தில் கட்டியது தெரிந்தது.

"பொட்டிபுரத்துல இருந்துதானே வர்றீக? வருவாகன்னு தரகர் சொன்னாரு. இன்னைக்குன்னு தெரியல. ஒரு வாய் சோறு திங்காமப் போகக் கூடாது."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தெருவே ஒரு பக்கமாகத் திரும்பியது.

கோயில் வேம்பின் பக்கமிருந்து மொக்கராசு வந்துகொண்டிருந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தலை நனைத்துச் சீவியிருந்தார். சலவைச் சட்டை. கையில் கம்பு இல்லை. மடங்காத காலை வீசிப் போடாமல், நல்ல கால் போலவே நேராக எடுத்து வைத்து நடந்தார். அப்படி நடக்க இடுப்பு முழுவதையும் தூக்க வேண்டும். முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு நகரவே இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் எல்லோரும் திடீரென்று ஏதோ வேலையாக இருந்தார்கள். "மாப்ளே, வெரசா வா!" என்று ஒரு குரல் வந்தது. "வாயை மூட்றா, அவனை நடக்க விடு" என்று இன்னொன்று அதட்டியது. பாதித் தூரத்தில் மொக்கராசு, கட்டியிருந்த ஆட்டின் கயிற்றைச் சரிசெய்வது போலக் குனிந்து நின்றார். கயிறு சரியாகத்தான் இருந்தது.

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு பேர் முன்னால், பாதி வழியில், நான் யாரென்று கூவிச் சொல்வதா? வந்து சேரட்டும் என்று விட்டேன். அது சரியா என்று இன்றும் எனக்குத் தீர்மானமாகத் தெரியாது.

வந்தார். வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வாங்க சேச்சி" என்றார். மலைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அக்கா என்பது சேச்சிதான். பிடித்திருந்த கையையும் மீறிக் கால் ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றேன், "நான் போடி ஒன்றிய ஆபீஸ்ல இருந்து வர்றேன். நீங்க பஸ் பாஸுக்கு மனுப் போட்டிருந்தீங்களே, அந்த விசாரணைக்கு."

பெருமாயியின் கையில் செம்பு அப்படியே நின்றது. ராக்கம்மா எதிர்வாசலில் அவரைக்காயை விட்டுவிட்டார். மொக்கராசு என்னையே பார்த்தார். தான் நடந்து வந்த தெருவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். இந்தத் தடவை நிஜமான சிரிப்பு.

"அப்ப இவ்வளவு நேரம் நடந்ததெல்லாம் வீணா சேச்சி?"

டீக்கடைக்காரர் அருகில் வந்துவிட்டார். "பூவும் பட்டுமா வந்து நின்னா நாங்க என்னத்தக் கண்டோம்? பாஸ் ஆபீசுன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

தெரு சிரித்தது. பெருமாயி சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டது.

சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டு கையெழுத்து வேண்டும் என்றேன். யாரும் முன்வரவில்லை. டீக்கடைக்காரர் சொன்ன காரணத்தை நான் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

"நான் நடக்க மாட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு வைங்க. நாளைக்கு நெசமாவே பொட்டிபுரத்துல இருந்து வருவாக. என்கிட்ட வந்து கேப்பாக. நான் என்னன்னு சொல்ல? சர்க்கார்கிட்ட ஒரு வாயி, சம்பந்திகிட்ட ஒரு வாயா?"

"பாசும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் பெருமாயி. "எம் மகனை ஊனம்னு எழுதி, போட்டோ ஒட்டி, அவன் அதைத் தெனம் கண்டக்டர்கிட்ட நீட்டணுமாக்கும். பொட்டிபுரத்துப் பஸ்சுதானே இப்படி வருது. அதுல பொண்ணோட அப்பனே உக்காந்திருந்தா?"

"ஆத்தா," என்றார் மொக்கராசு. உட்கார்ந்தபடியே, குரல் உயராமல் பேசினார். "நான் அவுக முன்னாடி எத்தனை நாளைக்கு இப்படி நடக்க? கல்யாணத்தன்னைக்கு நடந்துருவேன். மறுநாளு? அவ பாக்க மாட்டாளா? எனக்குச் சோலி வேணும். எழுதுங்க சேச்சி."

பெருமாயி உள்ளே போய்விட்டார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் பையில் நான்கு பேர் சொன்ன வார்த்தைகள் இருந்தன, எல்லாம் அவர் நன்றாக நடப்பார் என்று. என் கண்ணாலும் அவர் கம்பில்லாமல் நடந்து வந்ததைப் பார்த்துவிட்டேன். கையெழுத்துப் போட ஆளில்லை. அப்படியே எழுதினால் பாஸ் கிடையாது. இரக்கப்பட்டு, பார்த்ததை மறைத்து, 'நடக்க இயலாதவர்' என்று எழுதினால் அது பொய், நாளைக்கு எவர் வந்து கேட்டாலும் உடைந்துவிடும் பொய். வரவேற்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசிப் பஸ்சுக்கு முந்தைய பஸ் வந்துவிடும்.

அவசரத்தில் இருக்கும்போது நமக்கு இரண்டு வழிகள் மட்டுமே கண்ணில் படும். மூன்றாவது, பெரும்பாலும், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் வரும். நான் உட்கார்ந்தேன். அவர் காலின் ஆட்டம் அடங்கும்வரை தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அட்டைக்கடிக்குப் புகையிலையா, உப்பா எது நல்லது என்று. பிறகு சொன்னேன்.

"தம்பி, இப்ப வந்த தூரத்தைத் திரும்பி நடந்து காட்டுங்க. கம்பு வேணும்னா எடுத்துக்கங்க. யாருக்காகவும் நடக்க வேணாம். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற மாதிரி நடங்க."

அவர் எழுந்தார். முதலில் கம்பில்லாமல் முயன்றார், சுவரைப் பிடித்துக்கொண்டார். ராக்கம்மா வீட்டு மூலையில் கிடந்த தன் கம்பைக் கேட்டு வாங்கினார். அங்கேதான் ஒளித்துவைத்திருந்தார்கள். நடந்தார். வரும்போது கட்டுப்படுத்தியிருந்த கால் இப்போது வீசி விழுந்தது. ஆட்டின் பக்கத்தில் நின்றார், இந்தத் தடவை கயிற்றைத் தொடவில்லை. வேம்புவரை போகவில்லை.

"போதும் தாயி, போதும்" என்று ராக்கம்மா தெருவில் இறங்கிவிட்டார். "எழுதுங்க, நான் கைநாட்டு வைக்கிறேன். தண்ணிக்குடம் தூக்குறது அவன் இல்ல. அவனுக்கும் சேத்து நாந்தான் தூக்குறேன்."

டீக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நானும் போடுறேன். ஆனா பாதிய எழுதக் கூடாது. அவன் நல்ல பையன்கிறதையும் சேத்து எழுதணும். அது இல்லாட்டி என் கையெழுத்து கிடையாது."

அதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டார். நான் கிளம்பும்போது பெருமாயி வெளியே வரவில்லை. வரவேற்புக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் சாப்பிட எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் மேலாளர் என் அறிக்கையைப் படித்தார். முதல் பக்கத்தில் நான்கு பேர் முதலில் சொன்னது, அவர்கள் யாரிடம் பேசுவதாக நினைத்துச் சொன்னார்கள் என்பது. இரண்டாம் பக்கத்தில் இரண்டு நடைகளும். மூன்றாவதில் கையெழுத்துகள்.

"'நல்ல பையன்.' இதெல்லாம் ஒரு வாக்குமூலத்துல வருமாம்மா?"

"அதை எடுத்தா கையெழுத்தையும் எடுக்கச் சொல்வார் சார்."

"சரி, இந்த முதல் பக்கம் எதுக்கு? நாலு பேரு நல்லா நடப்பான்கிறாங்க. நீங்களே கேசைக் கெடுக்கிற மாதிரி இருக்கு. இதை வைக்காம விட்டிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

"நீங்க கேக்க மாட்டீங்க சார். ஆனா பின்னாடி வேற யாராவது போய் விசாரிச்சா அந்த ஊரு அதையேதான் சொல்லும். அப்ப நம்ம பேப்பர்ல அது இல்லேன்னா, மறைச்சுட்டோம்னுதான் ஆகும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோழிக்காரரை நினைத்திருப்பார். "கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு தடவை நடந்ததை மட்டும் பாத்துட்டு வந்திருந்தீங்கன்னா நான் இதைத் தள்ளியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வரலாற்றுப் புத்தகங்கள் படிக்கும் பைத்தியம் உண்டு. கல்வெட்டுகளில் ராஜா எப்போதும் வென்றுகொண்டேதான் இருப்பார், தோற்ற ராஜாவே இருக்கமாட்டார். அதற்காகக் கல்வெட்டைப் பொய் என்று எறிந்துவிட முடியாது. யார் படிப்பதற்காக வெட்டினார்கள் என்று தெரிந்தால் அதிலிருந்தும் உண்மை கிடைக்கும். ஊர் சொல்வதும் அப்படித்தான். ராசிங்காபுரம் அன்று என்னிடம் சொன்னது அவர் காலைப் பற்றிய செய்தியே அல்ல. இவனுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம் என்ற செய்தி. அது உண்மையான செய்திதான். நான்தான் அதைத் தவறான பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

தை பிறப்பதற்குள் பாஸ் வந்துவிட்டது. மொக்கராசு கடையில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு இதை எழுதியிருக்க மாட்டேன்.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் குடை, சட்டைப் பையில் பேனா, கக்கத்தில் ஒரு பை. பொட்டிபுரம் என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ராசிங்காபுரத்துல மொக்கராசுன்னு ஒரு பையன். உங்களுக்குத் தெரியும்னாக."

"சொல்லுங்கய்யா."

"எம் மகளுக்குப் பேசினாக. கால்ல லேசா அடி, மத்தபடி ஒண்ணுமில்லன்னாரு தரகர். சரி, நாமளே போய்ப் பாப்போம்னு நேத்துப் போனேன். டீக்கடையில கேட்டேன். அந்த ஆளு எந்திரிச்சு நின்னுட்டாரு. 'அய்யா, ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான்யா! பாக்கவே பரிதாபம்! எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்'ங்கிறாரு. எதுத்த வீட்டுல கேட்டா அந்தப் பொம்பள கண்ணுல தண்ணி விடுது. 'நாந்தான்யா அவனுக்குத் தண்ணியே தூக்குறேன்'னு. ஏன் தாயி, ஒரு பையனுக்குக் கல்யாணம் பேசப் போனா எந்த ஊரு இப்படிச் சொல்லும்? ஆனா அதே பையன் தெனம் போடிக்கு வந்து சோலி பாக்குறான்கிறாக. எது நெசம்?"

குடையையும் பேனாவையும் பார்த்தேன். பாஸ் புதுப்பிக்க ஆபீசர் வந்துவிட்டார் என்று அந்தத் தெரு முடிவுகட்டியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. மகளுக்காக அலைகிற மனிதர். என் ஒரு வார்த்தையில் அந்தச் சம்பந்தம் நிற்கும் அல்லது முறியும். நல்லவர், கட்டிக்கொடுங்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். என் வேலை அதுவல்ல. ஃபைலை எடுத்துக் காட்டவும் கூடாது.

"அய்யா, ஊரு உங்களை எங்க ஆபீஸ் ஆளுன்னு நினைச்சுட்டுது. அதனால கூட்டிச் சொல்லியிருக்காங்க. என்கிட்ட ஒருதடவை கொறைச்சுச் சொன்னாங்க. ரெண்டையும் விட்ருங்க."

"அப்ப எதைப் புடிக்க?"

"இன்னைக்குக் கடை அடைக்கிற நேரம் ஏலக்காய் கடைத் தெருவுல ஒரு ஓரமா நில்லுங்க. காலையில அவர் வர்றதைப் பாக்காதீங்க. நாள் முழுக்க வேலை பாத்துட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புறாரே, அந்த நடையைப் பாருங்க. நீங்க யாருன்னு அவருக்குத் தெரிய வேணாம்."

"பாத்துட்டா பொண்ணு குடுக்க மனசு வருமா தாயி?"

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா. ஆனா பாத்துட்டீங்கன்னா, பின்னாடி உங்களை யாரும் ஏமாத்தினாங்கன்னு ஆகாது."

அவர் குடையைத் தட்டிக்கொண்டு போனார். அன்று மாலை நான் ஜன்னலைப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் தப்பாகக் கூட்டினேன். கடைத்தெரு அங்கிருந்து தெரியாது. ஆனாலும் பார்த்தேன்.

பாஸை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அடுத்த கார்த்திகையில் மறுவிசாரணைக்கு ராசிங்காபுரம் போனேன். இந்தத் தடவை பூ வைக்கவில்லை. டீக்கடையில் நின்று, யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சத்தமாகச் சொன்னேன். மேலாளர் கட்டளையை நான் அன்றோடு கைவிட்டுவிட்டேன். எதற்கென்று தெரியாமல் சொல்கிறவர் தானாக ஒன்றை ஊகித்துக்கொள்வார், அந்த ஊகத்துக்குத்தான் பதில் சொல்வார். நீங்களும் சொல்லிவிட்டே கேளுங்கள். கூட்டியோ குறைத்தோ சொன்னால், திரும்பும் நடை காட்டிக்கொடுத்துவிடும்.

பெருமாயி வீட்டு வாசல் கல்லில் அந்தப் பொட்டிபுரத்துப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்க்க வந்தவர். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். உள்ளே பெருமாயியும் ஒரு சின்னப் பெண்ணும் ஏதோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. மொக்கராசு கடையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. தெருமுனையில் பஸ் வரும் நேரம்தான்.

"ஒரு கையெழுத்து நான் போடலாமா தாயி?" என்று கேட்டார் பெரியவர்.

நீங்கள் வேறு ஊர் ஆயிற்றே, இந்த ஊரார் கையெழுத்துதான் வேண்டும் என்றேன். "அதுக்கு ரெண்டு பேரு தயாரா நிக்கிறாக. நான் மூணாவதாப் போடுறேன். பாத்தவன்கிறதுக்காக" என்றார். காகிதத்தை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நிதானமாக, கோணாத எழுத்தில் எழுதினார்.

'காலையில் நன்றாக நடப்பார். மாலையில் கம்பு வேண்டும். என் மகளைக் கொடுத்திருக்கிறேன்.'

எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் கொஞ்சம் யோசித்தார்.

"நல்ல பையன்னு ஒரு வார்த்தை சேக்கணுமா?"

"வேணாங்கய்யா," என்றேன். "அது போன வருசமே எழுதியாச்சு."